வெள்ளிமலை என்று எழுது

அண்ணி,

நேற்று மருந்து வாங்க மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வழியில் ஒரு பெரிய புளியமரத்தை அறுத்துச் சாய்த்திருந்தார்கள். பேருந்து அதன் ஓரமாக நின்றபோது சன்னல் வழியே அந்த வாசனை வந்தது. பச்சை மரம் அறுபட்ட வாசனை, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் புளிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தல சுத்துதா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் அண்ணி. வெட்டுப்பட்ட மரத்தைப் பார்த்துச் சிரிக்கிற கிழவியை அவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நேரிலேயே சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

பூட்டானுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் எனக்கு என் வீட்டுக்காரரின் அக்கா, அவ்வளவுதான். கல்யாணத்தில் எனக்குப் பின்னல் போட்டுவிட்டீர்கள். குழந்தை இல்லை என்று புருஷன் திருப்பி அனுப்பிய பிறகு, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் பெரிய அண்ணன் வீட்டில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டும் கரும்புச் சோகை உரித்துக்கொண்டும் இருந்தீர்கள். உங்கள் தம்பி ராணுவத்தில் ஹவில்தார். பூட்டான் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போன நம் படையோடு அவருக்கும் அங்கே பணி. குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பெரியவளைத் தூக்கிக்கொண்டு நான் போனபோது சின்னவள் வயிற்றில் இருந்தாள். பிரசவத்துக்குத் துணை வேண்டும் என்று கடிதம் போட்டோம். ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினீர்கள். பனி மூடிய மலையைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாடா இது, ஊரே சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருக்குது!"

பிரசவம் முடிந்தும் நீங்கள் திரும்பிப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மிளகாயையே காய்கறியாகச் சமைப்பதைப் பார்த்து அவர்கள் மேல் உங்களுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பு வரிசையில் பஞ்சாபிப் பெண்கள், கட்வாலிப் பெண்கள். நீங்கள் ஒரு நாளும் இந்தி கற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக எல்லாரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் சொல்கிற அதே 'ஜாஸ்தி', 'கம்மி' அங்கேயும் செல்லும் என்று கண்டுபிடித்த நாளில் நீங்கள் பட்ட சந்தோஷம்! "இந்த ரெண்டு வார்த்த போதும்மே. எந்த ஊர்லயும் பொழச்சிக்கலாம்" என்றீர்கள்.

பிறகு அந்தப் பணிக்காலம் முடிந்தது. அவருக்கு அடுத்த இடம் எல்லையோரம். அங்கே குடும்பம் கூடாது. நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வீட்டின் பாதி சாமான் ராணுவத்துடையது. கட்டில், நாற்காலி, அறை நடுவில் எரிந்த இரும்பு அடுப்பு எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் அந்த அடுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதிது போலாக்கினீர்கள். "நாம பெருக்காத வூடுன்னு பின்னால வர்றவ சொல்லக் கூடாது." எங்களுடையதை எல்லாம் பழைய மரப்பெட்டிகளில் அடுக்கினோம். பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வைகளைக் காலால் மிதித்துச் சுருட்டினோம். கூரைகளில் எல்லாம் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்த மாதம் அது. பக்கத்து வீட்டுக் கட்வாலிப் பெண் மடி நிறைய அக்ரூட் கொண்டுவந்து கொட்டிவிட்டு உங்கள் தோளில் சாய்ந்து அழுதாள். நீங்கள் தமிழில் தேற்றினீர்கள். அவளுக்கு அது புரிந்தது.

அந்த வாரத்தில்தான் எனக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். நானே மறந்துபோன விஷயம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், ஒரு அரசுப் பள்ளி. குறித்த தேதிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். படித்துவிட்டு மடித்து வைத்தேன். இரண்டு குழந்தைகளோடு மலை மேலா? நடக்காத காரியம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் மட்டும் பேச்சுவாக்கில் சொன்னேன்.

மறுநாள் அவர் டப்பாவில் வெள்ளைப் பெயிண்டைக் குழைத்துப் பெட்டிகளின் மேல் விலாசம் எழுத உட்கார்ந்தார். நீங்கள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"இன்னாடா எழுதற?"

"அண்ணன் வூட்டு அட்ரஸ்தான் அக்கா. வேற எங்க போவாங்க?"

"இவளுக்குத்தான் வேல வந்துருக்குதே."

"வந்தா? கொழந்தைங்கள வெச்சிக்கினு மல மேல தனியா இன்னா பண்ணுவா? அப்பால வேற வேல வரும்."

"வராது. வாணாம்னு சொன்னவள எவன்டா திரும்பக் கூப்புடுவான்?"

"சரி, கொழந்தைங்கள யாரு பாத்துக்குவா?"

"இத்தினி நாளு யாரு பாத்துக்கினாங்க?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நீங்கள் போய் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டீர்கள், ஈரப் பெயிண்ட் புடவையில் ஒட்டுகிறதே என்றுகூடப் பார்க்காமல்.

"அண்ணன் வூட்ல எனக்கு இன்னா இருக்குது? மாட்டுக் கொட்டாதான் இருக்குது. நானும் இவளோட மலைக்கிப் போறன். இத அழிச்சிட்டு வெள்ளிமலன்னு எழுது."

"அக்கா, அண்ணன் இன்னா சொல்லுவாரு?"

"அத அவுரு சொல்லட்டும். நீ எழுது."

அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்த பிறகுதான் எழுந்தீர்கள். பழைய எழுத்து முழுசாகப் போகவில்லை. மூங்கில்துறைப்பட்டின் மங்கலான வெள்ளைக்கு மேலே வெள்ளிமலை வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து நீங்கள் என்னை 'டீச்சரு' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். அப்போது நான் ஒரு வகுப்பிலும் கால் வைத்திருக்கவில்லை.

அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மலையடிவாரம் வரை வந்து வழியனுப்பினார். லீவில் ஊருக்குப் போன வேலூர்க்காரர் ஒருவர் சென்னை வரை துணை. ரயில் மாறி மாறி, சின்னவளுக்குச் சளி பிடித்து, ஒருவழியாகத் திருக்கோவிலூரில் வந்து இறங்கினோம். மறுநாள் மாலைக்குள் நான் பள்ளியில் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பேருந்துகூட இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்றார்கள். ஊர் ஊராக மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள், இந்த வாரம் முழுக்க ஒன்றும் ஓடாது என்றார்கள். எங்கள் பூட்டான் குடியிருப்புக்கு இந்தச் சேதி எட்டியிருக்கவில்லை. நான் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் அதற்குள் ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். 'ஜாஸ்தி' என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டிகள் வண்டியில் ஏறின.

தியாகதுருகம் சாலையில் முதல் மரத்தை வயலில் இறங்கிச் சுற்றிக் கடந்தோம். அடுத்ததை ஏரிக்கரை வழியாக. மூன்றாவதாக ஒரு புளியமரம், பாலத்தின் மேலேயே குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர். சுற்றிப் போக வழியில்லை. வெட்டி அதிக நேரம் ஆகவில்லை. வாசனை மூக்கில் ஏறியது. மரத்தின் மேலும் அந்தப் பக்கமும் ஆட்கள். பக்கத்தில் அவர்கள் ஊர். அது நீங்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் என்று எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. வண்டியை விட்டு இறங்கி நேராக நடந்தீர்கள்.

"யாரும் போவக் கூடாதும்மா. திரும்பிப் போங்க" என்றார் ஒருவர்.

"எதுக்குங்க மறியல் பண்றீங்க?" என்று கேட்டீர்கள், ஒன்றும் தெரியாதவர் போல.

"இன்னாம்மா கேள்வி இது? எங்க புள்ளைங்க படிக்கணும், கவர்மெண்டு வேலைக்கிப் போவணும். அதுக்குத்தான்."

நீங்கள் திரும்பி என்னைக் கைகாட்டினீர்கள். சின்னவள் என் தோளில் மூக்கொழுகிக்கொண்டிருந்தாள்.

"இதோ நம்ம பக்கத்துப் பொண்ணு ஒருத்திக்கி கவர்மெண்டு வேல வந்துருக்குது. டீச்சரு. நாளக்கிச் சாயங்காலத்துக்குள்ள மலைல போயி சேரலன்னா பூடும். நீங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு கேக்கறது இவ கைல இருக்குது. இத நீங்களே புடுங்கிக்கப் போறீங்களா? சொல்லுங்க, நாங்க திரும்பிப் போயிடறம்."

பின்னால் இருந்த ஒரு பெரியவர், "அந்தம்மா சொல்றது ஞாயந்தான்டா" என்றார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் கோடாலியோடு, ஒருவர் முன்னால் வந்தார். உங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் யார் என்று எனக்கு விளங்கியது.

"எப்ப வந்த?" என்றார் அவர்.

"வந்துக்கினே இருக்கறன்" என்றீர்கள் நீங்கள். "பொட்டி கனமா இருக்குது. இந்தப் பக்கம் புடிங்க."

அவர் கோடாலியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். மரத்தின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ரஜாய் மூட்டை ஒருவர் தோளில், பாத்திரக் கூடை ஒருவர் கையில், பெரியவளை ஒருவர் தூக்கி இன்னொருவரிடம் கொடுத்தார். எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்ட ஒரு இளைஞர், "டீச்சர், நல்லா சொல்லிக் குடுங்க" என்றார். அண்ணி, நாற்பது பேருக்கு முன்னால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய வண்டியையே பூட்டினார். கள்ளக்குறிச்சி வரை அவரே ஓட்டினார். வழியில் மறித்தவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். தியாகதுருகம் தாண்டிய பிறகு, மாட்டைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கும் ஒண்ணும் தங்கல" என்றார். அவர் கட்டிக்கொண்ட இன்னொருத்தியைச் சொன்னார். குறை உங்களுடையது என்றுதானே உங்களை அனுப்பியிருந்தார்கள். நீங்கள் ஏதாவது சொல்லுவீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் சின்னவளின் மூக்கைத் துடைத்தீர்கள். கள்ளக்குறிச்சியில் பெட்டிகளை இறக்கிவிட்டு அவர் தயங்கி நின்றார்.

"வூட்டுக்கு வர்றதுன்னா வா."

"எனக்கு மலைல வேல இருக்குதுங்க" என்றீர்கள். கோபமே இல்லை உங்கள் குரலில். சந்தையில் வேண்டாத காயைத் திருப்பி வைப்பது போலச் சொன்னீர்கள். அவர் வண்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "நல்ல மாடு" என்றீர்கள்.

மறுநாள் காலை வேறொரு வண்டி, கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஒரு ஜீப், கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவே நாம் நால்வர். பள்ளி விடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ரோடே இல்லியே, எப்படிம்மா வந்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "ரோடு இல்லாட்டி இன்னாங்க, ஆளுங்க இருந்தாங்க."

எல்லா ஊரிலும் அப்படி முடியவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். குடிசை எரிந்த ஊர்களும் உண்டு, உயிர் போன வீடுகளும் உண்டு. அதைக் கேட்டபோது நீங்கள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நம் வெற்றியைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பீர்கள். சொல்லிவிட்டேன்.

பெரிய அண்ணன் உங்களை அழைத்துப்போக வந்ததும், நீங்கள் கோழி அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பாடு போட்டு அவரை மட்டும் திருப்பி அனுப்பியதும் தனிக் கதை. பிறகு பள்ளி விடுதியில் சமையல் வேலை உங்களுக்கே கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்குக் குடை வாங்கித் தந்தீர்கள், மலை மழைக்கு. உங்கள் தம்பி பென்ஷன் வாங்கிக்கொண்டு மலைக்கே வந்தார். என் பெண்கள் இருவருக்கும் அம்மா என்றால் நான், வீடு என்றால் நீங்கள். கடைசி வாரத்தில்கூட விடுதிப் பெண்கள் வரிசையாக வந்து உங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "போயி படிங்கம்மே" என்று விரட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

இதைச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். போன மாதம், மலைப் பெண் ஒருத்திக்குச் சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. என்னிடம் படித்தவளின் மகள். அவள் அப்பா, அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது என்று கையைப் பிசைந்தார். நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவர் சரி என்கிறவரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவளோடு பேருந்தில் ஏறிவிட்டேன், இந்த முழங்கால் வலியோடு. வழியெல்லாம் அவள் சன்னலோரம், நான் அவள் பையைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு.

சென்னையில் விடுதி வாசலில் பதிவேட்டோடு இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? அம்மாவா, பாட்டியா?"

இத்தனை வருஷம் வகுப்பில் திருத்தமாகப் பேசிய வாய் அண்ணி இது. ஆனால் வந்தது உங்கள் பேச்சுதான்.

"ரெண்டும் இல்லீங்க. கூட வந்துருக்கறன்."

அவர் அதை எழுதிக்கொள்ள இடம் தேடினார். அதற்குள் என்னோடு வந்தவள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, படியேறி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.