மண்ணுளி என்று சொன்னவன்

இன்று காலை பல் துலக்கித் துப்பியபோது நுரையில் சிவப்பு தெரிந்தது. பிரஷ் பட்டு ஈறு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அடிபம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் நீ ரத்தம் துப்பியதும் இதே இடத்தில்தான்.

அதற்கு முந்தின நாள் நாம் இருவரும் முல்லைக் கொல்லையில் இருந்தோம். செடிகளுக்கு அடியில் போட்டிருந்த சவுக்குச் சருகை விலக்கி நீ களை பறித்துக்கொண்டிருந்தாய். திடீரென்று கையை உதறினாய். சாண் நீளத்தில் ஏதோ ஒன்று மணலுக்குள் புதைந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது வால் மட்டும் தெரிந்தது.

"ஏங்க, பாம்புங்க. விரல்ல கடிச்சிருச்சு."

"மண்ணுளியா இருக்கும். அதுக்கு ஏது விஷம்?"

"சாண் பாம்பானாலும் முழத்தடி வேணும்பாங்க."

"குத்தாலத்துக்காரிக்கு மண்புழுவும் நல்லபாம்புதான்!"

நீயும் சிரித்துவிட்டாய். நெல் வயலில் வளர்ந்தவள் நீ. வேதாரண்யத்து மணலில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பினாய். எவ்வளவு திமிர் எனக்கு! சுருட்டை விரியன் மணலில் புதைந்து கிடக்கும் என்று ஊருக்கே சொல்லித் திரிந்தவன், ஒரு குச்சியை எடுத்து அந்த இடத்தைக் கிளறிப் பார்க்கவில்லை. விரலைக் கழுவிவிட்டு, மிச்சக் களையையும் நீ பறித்து முடித்தாய்.

சாயங்காலம் கை வீங்கியது. மறுநாள் காலை ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. பைக்கில் என் முதுகில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"நேத்தே ஏன் வரல?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அவருக்குத் தெரியாதுங்க. நான் சொல்லவே இல்ல."

நான் அதை மறுக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் உன் தலைத்திவசம். நம் மகள் வந்திருந்தாள். எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள்: "பாம்பு கடிச்சதைப் போய் யாராவது மறைப்பாங்களாப்பா? உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாங்கல்ல? அம்மாவை என்னால மன்னிக்கவே முடியல."

உண்மையைச் சொல்லிவிடத்தான் நிமிர்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா எப்பவுமே அப்படித்தாம்மா" என்றேன்.