சிவப்புக் கழுத்துத் துணி

மேற்கு வர்ஜீனியா,
1921 பிப்ரவரி

என் பிடிவாதக்காரனுக்கு,

சிறையில் அடுப்பாவது இருக்கிறதா? இங்கே கூடாரத்துக்குள் வாளித் தண்ணீர் உறைந்துபோகிறது. தொழிலாளர் சங்கத்திலிருந்து பீன்ஸும் சோள மாவும் வருகின்றன. சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை.

சங்கம் தந்த இரண்டு போர்வைகளில் ஒன்றைப் பக்கத்துக் கூடாரத்து டெலியாவிடம் கொடுத்துவிட்டேன். "உனக்கு வேண்டாமாடி?" என்றாள். எனக்கு ஒன்று போதும்.

உன் சிவப்புக் கழுத்துத் துணியைத் தேடாதே. ஞாயிற்றுக்கிழமை அதை நம் ஓபலின் கழுத்தில் கட்டினேன். அவளுடைய சின்னப் பெட்டியைத் தூக்க வந்த வேலைநிறுத்தக்காரர்கள் எல்லோரும் அதே சிவப்பைக் கட்டியிருந்தார்கள். சங்கத்துக்காரன் மகள் மட்டும் வெறுங்கழுத்தோடு போகலாமா?

நேற்று சுரங்கக் கம்பெனி குமாஸ்தா ஹாஸ்கின்ஸ் வந்தான். சங்கத்தை விட்டு விலகுவதாக எழுதி உன்னிடம் நீட்டிய அதே தாள் கையில் இருந்தது.

"உன் புருஷன் இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே வெளிய வந்துடலாம். உங்கள விரட்டின வீட்டையும் திரும்பத் தர்றோம். குழந்தைய வச்சுக்கிட்டு ஏம்மா இந்தப் பனியில கிடந்து சாகுற?"

அவனுக்கு விஷயம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதம் ஓபல் இரும ஆரம்பித்த அன்றே, "போட்டுத் தொலை, வீட்டுக்குப் போயிடலாம்" என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை நானே கிழித்து அடுப்பில் போட்டேன். உன் தலை குனிவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே. அந்த வீட்டில் படுக்க வைக்க நமக்கு இனி யாரும் இல்லை.

உன்னைவிடப் பிடிவாதக்காரி