ஒரே டம்ளர்

ஜூன் 8, திங்கள்

மழை. தாய்மார் வேலைக்குப் போகையில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஐந்து பேருக்கு மூக்கொழுகல், இரண்டு பேருக்குக் காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பினேன். "சளிதானே டீச்சர்" என்று ஒரு தாய் முகத்தைத் தூக்கினாள். தூக்கட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வந்தால் யார் பார்ப்பது? சவர்க்காரம் முடிந்தது, வாங்க வேண்டும்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலும் இருமல். ஒரு வாளி கொத்தமல்லித் தண்ணி கொதிக்கவைத்து எல்லாருக்கும் ஊற்றினேன். ஒரே டம்ளர். நாங்கள் அண்ணாந்து குடிக்கிற ஆட்கள், எச்சில் படாது. தங்கச்சி கலாவும் குடித்தாள். ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறவள். சொன்னாலும் வீட்டில் நிற்கமாட்டாள்.

ஜூன் 10, புதன்

விடாத மழை. கலாவுக்குக் காய்ச்சல். அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி. அவள் புருஷன் சிவா, "மாத்திரை குடுத்தாச்சிக்கா. நாளைக்கிப் பாப்போம்."

"வயித்துல பிள்ளை இருக்கிறப்ப நாளைக்கின்னு ஒண்ணு கிடையாது. த்ரீவீலைக் கூப்பிடு."

புளத்கொகுபிட்டிய தாண்டி கேகாலை ஆஸ்பத்திரி. சிங்களத்தில் நானே பேசினேன். இன்ஃப்ளுவென்சா. வைரசுக்கான மாத்திரை உடனே தொடங்கியாயிற்று. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். நேர்ஸ்: "இக்மனட்ட கெனாவ எக்க ஹொந்தய்." சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாம். எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெளியே வந்து அழுதேன்.

ஜூன் 12, வெள்ளி

காய்ச்சல் இறங்குகிறது. வார்டில் கலா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சுரீரென்றது. சுடச்சுட இருப்பதை யார் அண்ணாந்து குடிப்பார்கள்? அன்றைக்கு மடுவத்தில் எல்லாரும் வாய்வைத்துத்தான் குடித்தார்கள். டம்ளரைக் கைக்குக் கை கொடுத்தவள் நான்.

நேர்ஸிடம் கேட்டேன். பக்கத்தில் நின்று இருமினாலே தொற்றுமாம். டம்ளரும் ஆகாதாம்.

ஜூன் 13, சனி

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். "இனிமே அவங்கவங்க டம்ளரக் கொண்டாங்க. இருமுறவங்க தள்ளி நில்லுங்க. முழுகாம இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி." கங்காணி சிரித்தார். "டீச்சர் இப்ப டம்ளர் போலீஸ்." இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. கலா வீட்டுக்கு வந்துவிட்டாள். நெத்தலிக் குழம்பு, பருப்பு, சோறு.

விடிந்ததிலிருந்து எனக்குத் தொண்டை கரகரப்பு, தும்மல். சாப்பாட்டை அவள் வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"உள்ள வாங்கக்கா. பிள்ளை உதைக்குது, தொட்டுப் பாருங்க."

எவ்வளவு ஆசையாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இப்ப உன்னை உதைக்கட்டும். பொறந்து வந்து என்னை உதைக்கட்டும்."

நாளைக்குக் காம்பராவுக்குப் போகமாட்டேன். என்னை நானே வீட்டுக்கு அனுப்பியாயிற்று.