இல்லையென்று சொன்ன கார்டு

5.2.1999, வெள்ளி
பெங்களூர் மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் லேபுக்குப் புது கார்டுகள் கொடுத்துவிட்டுப் போனார். மூக்குச் சளியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, மருந்தில் கலந்து, கார்டில் விட வேண்டும். இரண்டு கோடு வந்தால் புளூ காய்ச்சல். ஒன்றுதான் என்றால் இல்லை. பத்தே நிமிஷம்! ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

6.2.1999
காரணம் என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன். என் பிறந்த வீட்டு விசேஷம் என்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். நாளை தொரப்பள்ளியில் தங்கை முனிலட்சுமிக்கு நிச்சயம். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் போர்வைக்குள் புகுந்தார்.
"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல வலிக்குது."
நெற்றி சுட்டது. வெயிலில் வந்திருப்பார். குச்சியை மூக்கில் விட்டேன். என்ன அலறல்! ஒற்றைக் கோடு.
"சயின்ஸே சொல்லிடுச்சு. எந்திரிச்சு வேட்டிய அயர்ன் பண்ணுங்க."

7.2.1999
நிச்சயம் முடிந்தது. பேரிகையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் நிறைய வந்தார்கள். இவர் மாப்பிள்ளையின் அம்மா வெங்கடம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து தும்மித் தள்ளினார். நடிப்பு!

10.2.1999
நடிப்பா? இன்னும் நூற்று மூன்று டிகிரி. பேரிகையிலும் வீடு மொத்தமும் படுக்கையாம். லேப் டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.
"கோடு வந்தா பெரும்பாலும் நம்பலாம். வரலைன்னா, இல்லைன்னு அர்த்தமில்ல. பத்து பேருக்கு இருந்தா மூணு நாலு பேரைக் கோட்டை விட்டுடும்."
இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா நான்?

12.2.1999
அம்மா போனில் அழுதாள். "பொண்ணு ராசி சரியில்ல, நிச்சயம் பண்ணதும் வீடே படுத்துடுச்சு" என்று வெங்கடம்மா சொல்கிறாராம். கல்யாணத்தையே யோசிக்கணுமாம். ஐயோ, முனி என்ன பண்ணுவா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்! நேரில் போய்ச் சொல்லலாம் என்றால் — எனக்கே குளிருகிறது.

13.2.1999
காய்ச்சல்.

14.2.1999, ஞாயிறு
கண் விழித்தபோது இவரைக் காணோம். சாயங்காலம்தான் வந்தார். தானாகவே பஸ் ஏறிப் பேரிகைக்குப் போயிருக்கிறார்! என் தங்கைக்காக! எனக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது போலிருந்தது.
"என்ன சொன்னீங்க?"
"பொண்ணு ராசி இல்லீங்க, எல்லாம் என் மூக்கு பண்ண வேலைன்னேன். நீ கார்டு வெச்சுப் பார்த்து என்னை இழுத்துட்டு வந்ததையும் சொன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல இருமலே வந்துடுச்சு."
"கல்யாணம்?"
"மாசியிலயே வெச்சுக்கலாமாம். என்னையும் வரச் சொன்னாங்க — மூக்கை மட்டும் வீட்லயே விட்டுட்டு."