நீலச் சட்டை கேட்டேன்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். கடவுள் துணையால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தபோது அறையில் இருந்தது நான், கூட வேலை செய்யும் சமையல்கார அக்கா, துணி தேய்க்கும் பெண், மூன்றே பேர். மூன்று பேருமே திகைத்துவிட்டோம். துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன், நடுவில் வைக்க உங்கள் பழைய நீலச் சட்டை வேண்டும் என்று தெளிவாகத்தானே எழுதினேன்? நகல்கூட வைத்திருக்கிறேன். தையற்கடையிலிருந்து புதுத்துணித் துண்டுகளாக அள்ளி வந்து எதற்கு மூட்டை கட்டினீர்கள்?

“உன் வீட்டுக்காரரு கடையையே அனுப்பிட்டாருடி!” என்று அக்கா சிரித்தாள். “புதுசு வந்தா உனக்குக் கசக்குதா?”

“முதல் துவையல்லயே சுருங்கி, பக்கத்துல இருக்குற பழசையும் இழுத்துக் கிழிச்சிடும்க்கா,” என்று சமாளித்தேன்.

சுற்றிலும் தைத்து முடித்தாயிற்று. நடுச்சதுரம் மட்டும் ஓட்டை. சாமி கும்பிட்டுவிட்டு அந்தப் போர்வையைத்தான் போர்த்திப் படுக்கிறேன். குளிர் சரியாக அந்த ஓட்டையைத் தேடி வருகிறது.

காலர் நைந்த அந்தச் சட்டையையே அனுப்புங்கள். நல்ல பெயர் வாங்குவதாக நினைத்துத் துவைத்து, தேய்த்துத் தொலைக்காதீர்கள். போட்டுக் கழற்றியபடியே மடித்து வையுங்கள்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். என்றைக்கு அனுப்புவீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.