வாசலில் நிற்கப்போகிறவர்கள்

துடியலூர்
12.6.1994

என் ரத்தக்காட்டேரி அவர்களுக்கு,

வீட்டுக்காரர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி உள்ளே வர முடியாது. இருபது வருஷ வேட்டைக்காரிக்கு இது தெரியாதா? ஆனாலும் நீங்கள் வாசலில் நின்று, "ஏனுங்க, என்னையக் கொல்றவங்க ஊடு இதுங்களா?" என்றதும், "வாங்க, உள்ள வாங்க! காப்பி குடிக்கறீங்களா?" என்றுவிட்டேன். கோயமுத்தூர் வாய்!

உங்கள் நெஞ்சில் இறக்க வேண்டிய ஆப்பு, நீங்கள் வந்துபோகக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நாற்பத்தாறு வயதில் நான் பவுடர் போடுவதைப் பக்கத்து வீட்டு இருதயம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

எங்கள் வேட்டைச் சங்கத்தார் வரும் ஞாயிறன்று உங்களைக் கொல்ல வருகிறார்கள். ஓடாதீர்கள், இங்கேயே இருங்கள். வந்தவர்களை "வாங்க" என்று சொல்லாமல் முதல்முறையாக வாசலிலேயே நிறுத்தப்போகிறேன். அந்த அவமானத்துக்குப் பிறகு ஒருவரும் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
காப்பி ஆறுவதற்குள் உங்களை எதிர்பார்க்கும்
வேட்டைக்காரி