எறும்புப் பொடியும் ஏற்றுமதி வெண்டைக்காயும்

ஏனாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடு மூவரும் நலம். மூவரில் மாடு ஒன்றுதான் யாரையும் குறை சொல்லாமல் நலமாக இருக்கிறது. தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் வெயிலைச் சமாளித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் உன் அம்மா அலமு பின்னாலிருந்து இரண்டு வரி திருத்துகிறாள். அதனால் அவள் அனுப்பும் ஊறுகாய் பார்சலில் இதைச் செருகிவிடுகிறேன், என் மானம் போன கதை என் கையாலேயே வந்து சேரட்டும்.

அரசாங்க மானியத்தில் நம் நிலத்து மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினார்களே, இந்த வருஷ மழை அத்தனையும் அதில் தங்கிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் உன் சித்தி தறியில் இருக்கிற புடவையைத் தடவித் தடவிப் பார்ப்பாளே, அப்படித் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சொட்டுநீர்க் குழாயும் மானியம்தான். அந்தத் தண்ணீரில்தான் வெண்டை போட்டேன். எங்கள் உழவர் குழு அதிகாரிகளிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்கு வெண்டைக்காய் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறது. குழுத் தலைவர் பக்கத்து நிலத்து வரதராஜன். தலைவரானதிலிருந்து வேட்டியை விட்டுவிட்டு பேன்ட் போடுகிறார், வரப்பில் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நிபந்தனை ஒன்றுதான் கடுமை. பூச்சிமருந்து கூடாது. ஒருவர் காயில் மருந்து இருந்தாலும் எல்லோர் சரக்கும் திரும்பி வந்துவிடும். நானும் வேப்பெண்ணெய் தவிர எதையும் தொடவில்லை. மஞ்சள் ஒட்டும் அட்டைகளை வயல் முழுக்க நட்டேன், பூச்சியைவிட என் சட்டைதான் அதிகம் ஒட்டியது. முடிவெட்டும் கடை வரைக்கும் சொல்லியாகிவிட்டது, நம் வெண்டைக்காய் விமானம் ஏறப்போகிறது, நான்தான் இன்னும் தாம்பரம் பஸ்ஸைத் தாண்டவில்லை என்று.

போன வாரம் காயைப் பரிசோதனைக்கு எடுக்க நதியா என்றொரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முன்பு குட்டை அளக்க வந்த பொறியாளர் காலில் நம் வரப்புக் கட்டெறும்பு ஏறி அவர் ஆடிய ஆட்டம் எனக்கு மறக்கவில்லை. ஒரு பெண் வருகிறது, அப்படி ஆகலாமா? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வாசல் பெருக்குவதுபோல் வரப்பைச் செதுக்கி, எறும்புப் பொடியைத் தாராளமாகத் தூவினேன். காற்றடித்து ஓர வரிசைச் செடிகள் எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு நின்றன. அதுவும் மருந்துதான் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. காலையில் வரதராஜன் வந்து செடியைப் பார்த்ததும் தூக்கிப் பிடித்திருந்த பேன்ட்டைக் கீழே விட்டுவிட்டார். “யோவ் கோதண்டம், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? உன் காய் இல்லாட்டி லோடு பத்தாதுய்யா. தண்ணி ஊத்திக் கழுவிட்டு கம்முனு இரு, உள்ளாற இட்டுக்கினு போய் நடுவுல இருக்கற காயக் காட்டு” என்றார். நானும் கழுவினேன். உன்னிடம் என்ன மறைப்பது, கம்மென்று இருப்பதாகத்தான் இருந்தேன்.

அந்தப் பெண் உன் வயசுதான் இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தியதும் நேராக ஓர வரிசைக்கே போனது. ஒரு பிஞ்சைப் பறித்து நுனியை உடைத்தது, படக்கென்று உடைந்தது. “சூப்பரா இருக்குது சார்” என்று சொல்லிக்கொண்டே வாய்க்குக் கொண்டுபோனது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, “வாணாம்மா, வாயில வெக்காதம்மா!” என்று கத்திவிட்டேன். குட்டைத் தவளைகள்கூட அடங்கிவிட்டன. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கோசரமா பொடி போட்டீங்க?” என்று கேட்டு அது சிரித்தது, ஆனால் நம் வயலை இந்த லோடிலிருந்து எடுத்துவிட்டது. ஓரச் செடிகளைப் பிடுங்கிக் குழியில் புதைக்க வேண்டும், மாட்டுக்கும் போடக்கூடாது, மறுபடி பரிசோதித்துச் சரியாக இருந்தால்தான் அடுத்த முறை என்றது. உன் அம்மா மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே, “ஊர்ல எல்லாரும் பூச்சிக்கு மருந்து போடுவாங்க, இவரு விருந்தாளிக்குப் போட்டாரும்மா” என்றாள். தெருவில் இப்போது அதுதான் பேச்சு. முடிவெட்டும் கடைக்கு நான் போவதில்லை, முடி வளர்ந்தால் வளரட்டும்.

வரதராஜன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனாலும் நேற்று குழுவின் வண்டி கிளம்பும்போது நானும் போய்ப் பெட்டி தூக்கினேன். பாதி வண்டி காலி. வாங்குகிற கம்பெனி இந்த முறை பொறுத்துக்கொண்டதாம், இன்னொரு முறை குறைந்தால் வேறு ஊர் பார்ப்பார்களாம். அதை அவர் மற்றவர்களிடம் சத்தமாகச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. கேட்டது. அந்தப் பிஞ்சை அந்தப் பெண் கடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது மட்டும், கத்தியது நல்லதுதான் என்று தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி இல்லாமல் அனுப்பாதே. காமாட்சி அம்மன் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். முக்கியமான ஒன்று, அங்கே கடையில் நம் பக்கத்து வெண்டைக்காய் கண்ணில் பட்டால் வாங்கு. நம்முடையதாக இருக்காது, வரதராஜனுடையதாக இருக்கலாம். பரவாயில்லை, நிறையவே வாங்கு. நன்றாக இருந்தால் அவருக்கே போன் போட்டுச் சொல்லு, நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
கோதண்டபாணி